வெள்ளை விழுந்த கையும் மாந்தீவும்

எங்கள் வட்டத்தில் ஒரு தோழிக்குப் பெரியம்மா ஒருவர் இருக்கிறா. அவர்களின் வீட்டில் எந்தக் கல்யாண அல்பத்தைத் திறந்தாலும் அவவைக் காணக் கிடைக்காது. தேடிப் பார்த்தால் ஒரே ஒரு படத்தில், பின்வரிசையில், முந்தானைக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொண்டு நிற்கிறா. பத்தொன்பது வயதில் வலது கை விரல் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. மறுகா முழங்கை, உதட்டோரம், கணுக்கால். நோவில்லை, கடியில்லை. நிறம் மட்டும் போனது.

போன வருடம் வாவியோர ஊர்களில் வாய்மொழிக் கதைகள் சேர்க்கிற ஒரு ஒப்படைக்காக நாங்கள் நாலு பேர் அவவின் வீட்டுக்குப் போனோம். பாடும் மீன் கதை சொன்னா. 1978 சூறாவளியில் கூரை பறந்த கதை சொன்னா. மாந்தீவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சிரித்துக்கொண்டு, "மாந்தீவா? நான் அங்க போயிரிக்க வேண்டிய ஆள் எண்டுதானே மனே ஊர் சொன்னது" எண்டா.

மாந்தீவு தொழுநோயாளருக்கான தீவு. பெரியம்மாவுக்கு இருப்பது தொழுநோய் அல்ல. ஊர் அதை வெண்குட்டம் என்று சொல்லும், டொக்டர்மார் விட்டிலிகோ என்பார்கள். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. விட்டிலிகோவில் கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் 'குட்டம்' என்ற ஒரு சொல் இரண்டையும் ஒரே தோணியில் ஏற்றிவிட்டது. அந்தத் தோணியில் இவர்கள் எப்படி ஏறினார்கள், இந்த வெள்ளைக்கான விளக்கம் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது, விளக்கம் மாறிய பிறகும் சொல் ஏன் அப்படியே கிடக்கிறது என்று தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் கலைப்பீடத்துக்காரர். விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்தது. அதனால் விஞ்ஞானம் வருகிற இடங்களை எங்களுக்கு விளங்கிய பாஷையிலேயே சொல்லப் போகிறோம்.

ஆற்றுக்கு நடுவில்

மட்டக்களப்புக்கு வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சின்ன வரைபடம். எங்கட வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடல் பக்கம் சூரியன் எழும், அது எழுவான்கரை. வயல் பக்கம் சூரியன் படும், அது படுவான்கரை. ஒரு கரையில் பிறந்து மற்றக் கரையில் கல்யாணம் கட்டி, இரண்டுக்கும் இடையில் தோணியும் பாலமுமாக வாழ்ந்த சனம் நாங்கள். மாந்தீவு இந்த இரண்டு கரைக்கும் நடுவில், தண்ணீருக்குள் இருக்கிறது. அங்கே அனுப்பப்பட்டவர் இரண்டு கரையையும் பார்க்கலாம். இரண்டிலும் அவருக்கு இடமில்லை.

அந்தத் தீவில் தொழுநோய் வைத்தியசாலை 1921இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. இலங்கையில் தொழுநோயாளரை ஒதுக்கி வைப்பதற்கான முதல் பெரிய இடத்தை ஒல்லாந்தர் 1708இல் கொழும்புக்கு வடக்கே ஹெந்தலவில் கட்டினார்கள். 1873இல் நோர்வேயில் ஹன்சன் என்ற மருத்துவர் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். இது பரம்பரை நோயோ, பாவத்தின் சம்பளமோ அல்ல என்று நிரூபித்த கண்டுபிடிப்பு அது. நியாயமாகப் பார்த்தால் நோயாளிகளின் பாரம் அன்றைக்குக் குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். கிருமி என்றால் தொற்றும், தொற்றும் என்றால் பிரித்து வை என்ற முடிவுக்கு அரசுகள் வந்தன. 1897இல் பேர்லினில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு தனிமைப்படுத்தலைச் சிபாரிசு செய்தது. 1901இல் இலங்கையில் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. இருபது வருடத்தில் மாந்தீவும் வந்தது.

இதற்குத் தீவுகளைத் தேடுவது உலகம் முழுக்க நடந்த வேலை. ஹவாயில் 1866இலேயே கடலும் மலையும் அடைத்து நிற்கும் கலாவ்பாப்பாவுக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பிலிப்பைன்சில் 1906இல் கூலியன் தீவு. நெல்சன் மண்டேலாவின் சிறையாக நாங்கள் அறிந்த ரொபன் தீவில் 1846 முதல் 1931 வரை தொழுநோயாளரை வைத்திருந்தார்கள். ஆட்களைக் கண்ணுக்கு மறைக்க வேண்டும் என்று நினைத்த அரசுக்குத் தண்ணீர் செலவில்லாத மதில்.

மாந்தீவின் மதில் ஒரு வித்தியாசமான மதில். கரையில் நின்று பார்த்தால் தீவு தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தண்டனைதான் சனத்தைக் கூடப் பயமுறுத்தும். "சொல்வழி கேக்காட்டி மாந்தீவில கொண்டு விட்டிருவன்" என்பது பெரியம்மாவின் சின்ன வயதில் பிள்ளைகளை அதட்டுகிற வசனம். அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில் விரல் நுனி வெளுத்தால் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு குடைக்குள் பல நோய்

குட்டம் என்பது வடமொழியின் 'குஷ்டம்' தமிழில் நடந்து தேய்ந்த வடிவம். பழைய வைத்தியத்தில் அது தொழுநோய்க்கு மட்டுமான பெயராக இருக்கவில்லை. தோல் கெடுகிற பல நிலைகளுக்கும் பொதுவாகப் பிடித்த குடை அது. குட்டம் பதினெட்டு வகை என்று ஆயுர்வேதமும் சித்தமும் எண்ணின. இன்றைக்குத் தேமல், படை, சொறி என்று நாங்கள் வேறு வேறாகச் சொல்கிறவற்றில் பலவும் அந்தக் குடைக்குள் நின்றன.

இதில் எங்களை ஆச்சரியப்படுத்தியது வேறு விசயம். நிறம் மட்டும் போகிற நிலையைப் பழைய வைத்தியர்கள் பிரித்தே பார்த்திருக்கிறார்கள். வடமொழியில் அதற்குக் கிலாசம், சுவித்திரம் என்று தனிப் பெயர்கள் இருந்தன. சுசுருத சம்ஹிதை கிலாசத்துக்கும் குஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்கிறது: கிலாசம் தோலோடு நிற்பது, அதில் நீர் வடியாது. அதாவது உள்ளே இறங்கி உறுப்பை அழிக்கிற நோய் அல்ல இது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். வைத்தியர் பிரித்ததைச் சனத்தின் வாய் மறுபடி சேர்த்திருக்கிறது. குட்டத்துக்கு முன்னால் ஒரு 'வெண்' போட்டதோடு எல்லாம் முடிந்தது.

பழைய நூல்களுக்கு நாங்கள் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. கிலாசம் ஏன் வருகிறது என்பதற்குச் சரக சம்ஹிதை தருகிற காரணங்களில் பொய் பேசுதல், நன்றி மறத்தல், தெய்வத்தையும் குருவையும் பழித்தல், முற்பிறவி வினை எல்லாம் இருக்கின்றன. கடைசியாக ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு. ஒவ்வாத உணவுக்கு அந்த மரபு சொல்கிற பிரபலமான உதாரணம் மீனும் பாலும். இந்த வரி பயணம் செய்து எங்கட குசினிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. எருமைத் தயிருக்கும் ஆற்று மீனுக்கும் பேர்போன ஊர் இது. அந்த ஊரிலேயே, "மீன் தின்ட கையோட தயிர் தின்னாத, வெள்ளை விழும்" என்று சொல்லாத அம்மம்மா யார் வீட்டில் இருக்கிறா? மீனும் தயிரும் சேர்ந்தால் விட்டிலிகோ வரும் என்பதற்கு மருத்துவ ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

மேற்கிலும் இதே குழப்பம்தான். 'விட்டிலிகோ' என்ற சொல்லை 1ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் செல்சஸ் தன் மருத்துவ நூலில் எழுதினார். அவரும் அதைப் பல வகைப் புள்ளிகளுக்குப் பொதுப் பெயராகவே வைத்தார். எபிரேய வேதத்தில் வரும் 'சாராஅத்' என்ற சொல் துணியிலும் சுவரிலும்கூட வரக்கூடிய தீட்டைக் குறித்தது. அது கிரேக்கத்தில் 'லெப்ரா' ஆகி, பின்னாளில் தமிழ் விவிலியத்தில் 'குஷ்டரோகம்' என்று நின்றது. லேவியராகமம் 13ஆம் அதிகாரம் விவரிக்கிற வெண்மையான தழும்பும் வெளுத்த மயிரும் இன்றைக்கு நாங்கள் அறிந்த தொழுநோயோடு பொருந்தவில்லை என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். கோயிலுக்குப் போனாலும் தேவாலயத்துக்குப் போனாலும் வெள்ளைப் புள்ளிக்காரர் கேட்ட சொல் ஒன்றுதான்.

கார்போகரிசியும் வெயிலும்

காரணம் பிழைத்தாலும் கைமருந்தில் பழையவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். கார்போகரிசி என்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற கறுத்த சின்ன விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்கச் சொன்னார்கள். நைல் ஆற்றங்கரையில் வேறொரு செடியின் விதை, அதே வெயில். 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-பைத்தார் இதை எழுதி வைத்தார். 1940களில் எகிப்திய விஞ்ஞானிகள் அந்த விதையிலிருந்து சொராலென் வகைச் சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். 1948இல் அங்கே எல் மொஃப்டி என்ற தோல் மருத்துவர் அதைக் கொண்டு சிகிச்சை செய்த முடிவுகளை வெளியிட்டார். கார்போகரிசிக்குள் இருப்பதும் சொராலென்தான். சூரியனின் கழியூதாக் கதிர் பட்டவுடன் அது வேலை செய்யத் தொடங்கும். பின்னாளில் வைத்தியசாலைகளில் மருந்தும் ஒளியும் சேர்த்துக் கொடுத்த சிகிச்சையின் பூர்வீகம் இதுதான்.

அளவு தெரியாமல் செய்தால் இதே மருந்து தோலைச் சுட்டுவிடும். பெரியம்மாவின் முழங்கையில் ஒரு பழைய கொப்புளத் தழும்பு இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அரைத்துப் பூசி, வளவுக்குள் நடுமத்தியான வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்ற நாளின் தழும்பு. அந்தத் தழும்பைச் சுற்றி வெள்ளை இன்னும் படர்ந்திருக்கிறது. காயப்பட்ட, உரசுப்பட்ட இடங்களில் புதுப் புள்ளிகள் வருவது இந்த நிலையின் குணம்.

கலத்துக்குள் நடக்கிற சண்டை

அப்படியானால் நிறம் ஏன் போகிறது? 20ஆம் நூற்றாண்டில் முதல் துப்பு ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கிடைத்தது. 1939 அளவில் அமெரிக்காவில் அப்படியான ஒரு தொழிற்சாலையின் தொழிலாளர் பலருக்குக் கையும் முன்கையும் வெளுத்துக்கொண்டு வந்தன. விசாரித்தால் குற்றவாளி அவர்கள் போட்டிருந்த றப்பர் கையுறை. றப்பர் பழுதாகாமல் இருக்க அதில் கலந்திருந்த ஒரு பீனோல் வகை இரசாயனம் தோலின் நிறக்கலங்களைக் கொன்றிருந்தது. பாவமும் இல்லை, முற்பிறவியும் இல்லை. ஒரு தொழிற்சாலை, ஒரு கையுறை, சம்பளத்துக்கு வேலை செய்த மனிசர்.

இந்த நிறக்கலங்களை மெலனோசைற்று என்கிறார்கள். தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கிற மெலனின் இவற்றில்தான் உற்பத்தியாகிறது. இந்த உற்பத்தியே ஆபத்தான வேலை. தைரோசின் என்ற அமினோ அமிலம் படிப்படியாக ஒட்சியேற்றம் அடைந்துதான் மெலனின் ஆகிறது. போகிற வழியில் ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற சூடான பொருட்கள் பக்க விளைவாக வெளியேறும். நல்ல கலம் இதைத் தாங்கும், ஏனென்றால் அதனிடம் சுத்திகரிக்கிற நொதியங்கள் உண்டு. கற்றலேசு அதில் ஒன்று. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஐதரசன் பேரொட்சைட்டுக்குள் ஈரல் துண்டைப் போட்டால் குபுகுபுவென்று நுரைக்குமே, அந்த நுரையைக் கிளப்புகிற நொதியம்தான் கற்றலேசு. பேரொட்சைட்டை அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடும்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லேர்னர் 1971இல் ஒரு கருத்தை வைத்தார்: மெலனின் செய்கிறபோது உண்டாகும் நச்சுப் பொருட்களே நிறக்கலத்தை அழிக்கக்கூடும். நெசவுக்காரன் தறியில் தன் கையையே வெட்டிக்கொள்வது போல. இருபது வருடம் கழித்து, 1991இல், ஜேர்மனியைச் சேர்ந்த காரின் ஷால்ராய்டரும் கூட்டாளிகளும் விட்டிலிகோ உள்ளவர்களின் மேல்தோலில் கற்றலேசு குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 1990களின் முடிவில் அதே குழு உயிருள்ள தோலிலேயே ஐதரசன் பேரொட்சைட்டு தேங்கி நிற்பதையும் அளந்து காட்டியது. குப்பை சேருகிற வேகத்துக்கு அள்ளுகிற கை போதவில்லை என்பதுதான் சுருக்கம். இதற்குத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர்.

இதோடு கதை முடியவில்லை. குப்பை சேர்ந்து நோவு கண்ட கலம் அபாயச் சமிக்ஞை அனுப்புகிறது. அதைக் கேட்டு உடம்பின் காவல்காரர், அதாவது ரி நிணநீர்க்குழியங்கள், அங்கே வருகின்றன. வந்தவை நிறக்கலத்தையே எதிரி என்று எடுத்துக்கொண்டு தாக்கத் தொடங்குகின்றன. எல்லாருக்கும் இது நடப்பதில்லை. பிறப்போடு வந்த மரபணுக்கள் சிலரை இதற்கு இலேசில் ஆளாக்குகின்றன. இன்றைய ஆய்வாளர் பலரின் பார்வையில் ஒட்சியேற்ற அழுத்தம் தீப்பொறி. பரவி எரிகிற நெருப்பு நோயெதிர்ப்புத் தொகுதியின் வேலை. 2022 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் விட்டிலிகோவில் நிறத்தை மீட்க முதன்முதலாக ஒரு பூச்சு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ருக்சோலிற்றினிப் என்ற அந்த மருந்து அணைக்கப் பார்ப்பது இந்த நெருப்பைத்தான்.

தீப்பொறியை மட்டும் அணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. கற்றலேசு மாதிரி வேலை செய்கிற ஒரு களிம்பை ஒளிச் சிகிச்சையோடு சேர்த்து 1990களில் பரீட்சித்தார்கள். முதலில் வந்த முடிவுகள் நம்பிக்கை தந்தன. பின்னர் வேறு குழுக்கள் கவனமாகச் செய்த ஒப்பீட்டுச் சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே 'அன்ரி ஒக்சிடன்ற்' என்று எழுதின போத்தலை நீட்டி வெள்ளை மாறும் என்று யாராவது சத்தியம் செய்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியும் நெருப்பும் பற்றிய இந்த விளக்கத்துக்கு யாரும் விரும்பாத ஒரு பெரிய சாட்சி ஜப்பானில் கிடைத்தது. கனெபோ என்ற அழகுசாதன நிறுவனம் தோலை வெளுப்பாக்கும் பூச்சுகளில் ரொடொடென்றோல் என்ற பீனோல் வகைச் சேர்வையைக் கலந்து விற்றது. 2008இல் அரச அனுமதி பெற்ற சேர்வை அது. 2013 ஜூலையில் அந்தப் பொருட்கள் எல்லாவற்றையும் நிறுவனம் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. பூசியவர்களில் 18,000க்கும் மேற்பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் திட்டுத்திட்டாக வெள்ளை விழுந்திருந்தது. நிறக்கலத்தின் சொந்த நொதியமே அந்தச் சேர்வையை நச்சாக மாற்றியிருந்தது. பூச்சை நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் திரும்பியது, சிலருக்குத் திரும்பவில்லை.

இதை வாசித்தபோது எங்களுக்கு எங்கட ஊர்க் கடைத்தெருதான் நினைவுக்கு வந்தது. ஒரு புள்ளி வெளுத்தால் பெண் பார்க்க வந்தவர்கள் எழும்பிப் போகிற அதே ஊரில், முகம் முழுக்க வெளுக்க வேண்டும் என்று கிறீம் விற்கிறார்கள், வாங்குகிறோம். வெள்ளை எங்களுக்கு எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்பதற்குத் தோல் மருத்துவத்தில் பதில் இல்லை.

நரைக்கு ஏன் அந்தப் பெயர் வைக்கவில்லை?

இன்னொரு கண்டுபிடிப்பையும் சொல்லியாக வேண்டும். 2009இல் ஷால்ராய்டரும் கூட்டாளிகளும் நரைமயிரை ஆராய்ந்தார்கள். அங்கேயும் அதே ஆள்தான்: மயிர்க்காலில் ஐதரசன் பேரொட்சைட்டு தேங்குகிறது, கற்றலேசு குறைகிறது, நிறம் உண்டாவது தடைப்படுகிறது. நரையும் விட்டிலிகோவும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டின் இரசாயனத்திலும் ஒரு பகுதி பொது. நரைத்த தலையைக் கண்டால் பெரியவர் என்று எழும்பி இடம் கொடுக்கிறோம். வெளுத்த கையைக் கண்டால் தேத்தண்ணிக் கோப்பையை வேறாக வைக்கிறோம். முற்பிறவி வினை தலையில் பட்டால் மரியாதை, கையில் பட்டால் தீட்டோ?

பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறோம். எங்கட பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டி வைப்பதுதான் வழமை. மூத்த மகளுக்கென்று கல்வீடு கட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், குடி கேட்டார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், கடைசியில் தேத்தண்ணி நீட்டிய கையைப் பார்த்தார்கள். மூன்று தரம் இப்படி. "அவகளுக்கும் ஒண்டுமில்ல மனே, பயம்தான். பேரே அப்பிடி இரிக்கு" என்று இன்றைக்கு அவர்களுக்காகவும் அவவே பேசுகிறா. வீடு தங்கச்சிக்குப் போனது. அந்தத் தங்கச்சிதான் எங்கள் தோழியின் அம்மா. அந்த வீட்டு விறாந்தையில் இருந்துதான் நாங்கள் இதெல்லாம் கேட்டோம்.

நூறில் ஒருவர் அளவுக்கு உலகம் முழுக்க இந்த நிலை உள்ளவர்கள் இருக்கிறார்கள். மைக்கல் ஜக்சன் 1993இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் நேர்காணலில் தனக்கு இது இருப்பதாகச் சொன்னார். சொன்ன பிறகும் 'வெள்ளைக்காரனாகப் பார்த்தவர்' என்ற பகிடி நிற்கவில்லை. அவர் இறந்த பிறகு பிரேத பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. அவரின் நினைவு நாளான ஜூன் 25ஐத்தான் இப்போது உலக விட்டிலிகோ நாளாக வைத்திருக்கிறார்கள். பெயரின் பாரத்தைத் தமிழ்நாட்டில் நேரடியாகவே எதிர்த்தார்கள். இந்த நிலை உள்ளவர்களே இயக்கமாகக் கூடி, 'வெண்குஷ்டம்' வேண்டாம், 'வெண்புள்ளிகள்' என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள், அரசும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. எங்கட பக்கத்தில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.

இரண்டு பொறிகள்

பெயரை மாற்றச் சொல்வது இலேசு. அதில் இரண்டு பொறிகள் இருப்பதை இந்தக் கட்டுரைக்காக எங்களுக்குள் வாதாடியபோதுதான் கண்டோம்.

முதலாவது, புது விளக்கமே புதுப் பழியாக மாறுவது. ஒட்சியேற்ற அழுத்தம் என்றால் எங்கட காதில் 'அழுத்தம்' மட்டும் விழும். "கனக்க யோசிச்சிருப்பாள், அதுதான் வந்தது", "டென்சன் எடுக்காத, போயிடும்." இங்கே சொல்லப்படுகிற அழுத்தம் கலத்துக்குள் நடக்கிற இரசாயனம். மனக்கவலை அல்ல. கவலையும் உடம்பைத் தொடும்தான், ஆனால் வெள்ளை விழுந்தவரிடம் போய் நீ கவலைப்பட்டதால் வந்தது என்று சொல்வது பழைய வினைக் கதையின் புதுப்பதிப்பு. மறுபடியும் பிழை அவவின் தலையில்தான்.

இரண்டாவது பொறி இதைவிட ஆழம். "இது குட்டமில்லை, தொத்தாது, பயப்பட வேண்டாம்" என்று சொல்கிறபோது நாங்கள் இன்னொன்றையும் சொல்லாமல் சொல்லுகிறோம்: குட்டம் என்றால் பயப்படலாம், ஒதுக்கலாம். பெரியம்மாவைத் தோணியிலிருந்து இறக்கிவிட்டு, தோணியை மாந்தீவுக்கே அனுப்பி வைக்கிறோம். எங்கள் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. எங்களில் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "அப்ப மாந்தீவில இருந்த ஆக்கள் மட்டும் என்ன பிழை செஞ்சவங்க?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இருக்கவில்லை.

உண்மை என்னவென்றால் தொழுநோய்க்கும் அந்தப் பயம் பொருந்தாது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிற சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் சிபாரிசு செய்தது. இலங்கைக்கு அது 1983இல் வந்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் குளிசை எடுத்தால் நோய் மாறும். சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. 1995இல் இலங்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை அடைந்தது. மாந்தீவில் ஆட்கள் குறைந்துகொண்டே போய் ஒரு சிலர் மட்டும் மிஞ்சினார்கள். மருந்து வந்து நோய் மாறிய பிறகும் திரும்பிப் போக வீடு இல்லாமல் போவதுதான் இப்படியான தீவுகள் எல்லாவற்றிலும் நடந்த கதை.

அந்தப் பயம் இன்னும் ஆட்களைப் பாதிக்கிறது. நாடு இலக்கை அடைந்தாலும் புதுத் தொழுநோயாளர் வருடந்தோறும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். கூடுதலாகக் காணப்படுகிற மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. வெட்கத்துக்குப் பயந்து புள்ளியை மறைத்து வைப்பவர் நரம்பு கெட்டு விரல் மடங்கிய பிறகுதான் கிளினிக்குக்கு வருவார். வெள்ளைப் புள்ளிக்காரரை முந்தானைக்குள் கை ஒளிக்க வைத்த அதே சொல், தொழுநோயாளரை மருந்திலிருந்தும் ஒளித்து வைக்கிறது.

அதனால் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஒதுக்குவதற்காக அல்ல, நேரத்தோடு மருந்து எடுப்பதற்காக. விட்டிலிகோ பால் போல வெளுத்திருக்கும், அந்த இடத்தில் தொட்டால் வழமை போல உணர்ச்சி இருக்கும். தொழுநோயின் புள்ளி பெரும்பாலும் மங்கலான வெளுப்பாகவோ செம்மையாகவோ இருக்கும், பஞ்சு நுனியால் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முடிவு சொல்வது டொக்டரின் வேலை. எங்கட வேலை, புள்ளி கண்டவர் வெட்கப்படாமல் டொக்டரிடம் போகிற மாதிரி ஊரை வைத்திருப்பது. இரண்டு பேரோடும் ஒரே பாயில் இருந்து சாப்பிடலாம் என்பதைச் சொல்லாமல் 'இது குட்டமில்லை' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

ஒப்படையை எழுதி முடித்த பிறகு பெரியம்மா வீட்டுக்கு மறுபடி போனோம். இதையெல்லாம் எங்களால் முடிந்த அளவு சொன்னோம். பேரொட்சைட்டு, கற்றலேசு, காவல்காரர், ஜப்பான். பொறுமையாகக் கேட்டா. பேர் மாற்றம் அவவுக்குப் பெரிதாகப் படவில்லை. "என்ன பேர் வைச்சாலும் பாக்கிற கண் மாற வேணும் மனே" எண்டா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டா.

"அப்ப மீனுக்கும் தயிருக்கும் ஒண்டுமில்லையா?"

ஒன்றுமில்லை பெரியம்மா என்றோம்.

"முப்பது வரிசத்துக்கு மேல, மீன் தின்ட நாளையில நான் தயிர் தொட்டதில்ல."

அன்றைக்கு மத்தியானம் அந்த வீட்டில் செத்தல் மீன் குழம்பு. சாப்பாட்டுக்குப் பிறகு தங்கச்சி சட்டியோடு தயிரைக் கொண்டுவந்து வைத்தா. பெரியம்மா கையை முந்தானைக்கு வெளியே எடுத்து, கரண்டியால் ஒரு பக்கம் வெட்டி, முதலில் எங்கள் எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டா.